அப்டேட்டை நிறுத்தி வைத்த கடை கம்ப்யூட்டருக்கு என்னதான் ஆகும்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கடையில் விண்டோஸ் 10 ஓடும் ஒரு சிஸ்டம். பில் போடுவது, ஜிஎஸ்டி தாக்கல், பேங்க் வேலை எல்லாம் அதில்தான். சர்வீஸுக்கு வருபவர், அப்டேட் வந்தால் தொல்லை என்று அதை நிறுத்தி வைத்துவிட்டார். இப்போது சப்போர்ட் முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. பேட்ச், ஜீரோ டே, ஃபீச்சர் அப்டேட், ஃபர்ம்வேர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேனே, அது போதாதா? சொற்களுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் ஓடுவது, ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது’ என்பதுதான் என்று நினைக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு பேசினால் சொற்கள் போகிற போக்கில் புரிந்துவிடும்.

சின்னக் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் இவற்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மனிதர் எழுதும் எந்த மென்பொருளிலும் தவறு இருக்கும். பெரும்பாலான தவறுகள் எரிச்சலோடு போய்விடும்: பட்டன் வேலை செய்யாது, பக்கம் கோணலாக அச்சாகும். இதை ‘பக்’ என்பார்கள். சில தவறுகள் வேறு மாதிரி. வெளியாள் ஒருவர் குறிப்பிட்ட விதத்தில் ஒரு ஃபைலையோ தகவலையோ அனுப்பினால், உங்கள் கம்ப்யூட்டர் அவர் சொல்வதைச் செய்யத் தொடங்கிவிடும். இதுதான் பாதுகாப்பு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நுழைவதற்கென்றே எழுதிய நிரல் ‘எக்ஸ்ப்ளாயிட்’. ஓட்டையை அடைக்கிற திருத்தம் ‘பேட்ச்’. அதையே ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்றும் சொல்கிறார்கள். செய்திகளில் சிவிஇ என்று தொடங்கி ஒரு வருடமும் எண்ணும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளியே தெரியவந்த ஓட்டைக்குக் கொடுக்கும் பதிவு எண். 1999 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. நீங்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இனி சொல்லப்போவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பேட்ச் வெளியாகும் நாளில் ஓட்டையும் வெளியே தெரிந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச்களை மொத்தமாக விடுகிறது. அங்கே காலை 10 மணி, நமக்கு அன்று ராத்திரி பத்தரை அல்லது பதினொன்றரை. அந்த நிமிடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். மாறிய வரிதான் ஓட்டை இருந்த இடம். இந்த வேலைக்கென்றே கருவிகள் இருக்கின்றன. திறமையானவருக்குச் சில நாள், சில சமயம் சில மணி நேரம் போதும். ஆக, அப்டேட் போட்டவர் தப்பித்தார். போடாதவரின் கம்ப்யூட்டரில் ஓட்டை அப்படியே இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாததற்கு இதுதான் காரணம்.

ஜீரோ டே என்பது இதற்கு நேர் எதிர். மென்பொருளை எழுதிய நிறுவனத்துக்குத் தெரியும் முன்பே திருடர்களுக்கு ஓட்டை தெரிந்துவிடுகிறது. அடைக்க ஒரு நாள்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்பதால் அந்தப் பெயர். கேட்கப் பயமாக இருக்கும், செய்தித்தாள்களுக்கும் பிடித்த சொல். ஆனால் அப்படி ஒரு ஓட்டை கையில் கிடைத்தவர் அதை முதலில் மளிகைக் கடை பில்லிங் கம்ப்யூட்டர் மேல் வீணாக்கமாட்டார். நம்மைப் போன்றவர்களைத் தாக்குவது பெரும்பாலும் பேட்ச் வந்து மாதக்கணக்கான பழைய ஓட்டைகள்தான்.

இதற்கு நல்ல உதாரணம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். 2017 மார்ச் 14 அன்று, விண்டோஸில் ஃபைல்களைப் பகிர உதவும் பழைய எஸ்எம்பி பகுதியில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது. ஒரு மாதம் கழித்து, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ வைத்திருந்த எடர்னல்புளூ என்ற எக்ஸ்ப்ளாயிட்டை இணையத்தில் கொட்டியது. மே 12, வெள்ளிக்கிழமை, அதை வைத்து எழுதிய வானாக்ரை சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, பிட்காயினில் 300 டாலர் கொடு என்று சிவப்புத் திரை காட்டியது. யாரும் எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. நெட்வொர்க்கில் ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆந்திரப் போலீஸின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. பேட்ச் வந்ததற்கும் தாக்குதலுக்கும் நடுவில் 59 நாள் இருந்தது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம்களால்தான் இத்தனையும் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஆனால் மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு சப்போர்ட்டும் இருந்தது, பேட்ச்சும் தயாராக இருந்தது. யாரும் போடவில்லை, அவ்வளவுதான். அன்று இன்னும் பரவாமல் நின்றதற்கு மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்து இளைஞர் காரணம். அந்த நிரல் ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டு அவர் அதைப் பதிவு செய்தார். முகவரி உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் நிரல் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. நிறுத்திவிடும் என்று பதிவு செய்தபோது அவருக்கே தெரியாது.

இப்போது உங்கள் அறிவிப்புக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, பில் போடும், பிரிண்ட் எடுக்கும், நெட் வரும். ஓட்டைகள் கண்டுபிடிப்பது மட்டும் தொடரும், அடைப்பது நின்றுவிடும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. விண்டோஸ் 11-இல் உள்ள நிறையப் பகுதிகள் 10-இல் இருந்து வந்தவை. 11-க்கு மாதாமாதம் வரும் பேட்ச், மேலே சொன்ன முறையில், 10-இல் எங்கே ஓட்டை என்பதையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும். சப்போர்ட் முடிந்த பிறகும் அபூர்வமாக மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்ததுண்டு. வானாக்ரை வந்த மறுநாளே எக்ஸ்பி-க்குப் பேட்ச் விட்டார்கள்; எக்ஸ்பி-யின் சப்போர்ட் முடிந்ததோ 2014-இல். அதை நம்பி உட்கார முடியாது.

ஆன்டிவைரஸ் போதாதா என்று கேட்டீர்கள். போதாது, ஆனால் வீணும் இல்லை. கெட்ட நிரல் என்று அடையாளம் தெரிந்ததையும், கெட்ட நிரல் போல நடந்துகொள்வதையும் அது பிடிக்கும். ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை, அதனால் முடியவும் முடியாது. இன்னொன்று: விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டருக்கு, விண்டோஸ் 10-இலும்கூட, புதுப்புது வைரஸ்களை அடையாளம் காணும் தகவல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அந்த அப்டேட் தினமும் வருவதைப் பார்த்துவிட்டு ‘அதான் அப்டேட் வருகிறதே’ என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, பேட்ச் வேறு. சின்னக் கடைக்குக் காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் அவசியமா என்றால், என் கருத்தில் டிஃபெண்டரே போதும். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

உங்கள் சர்வீஸ்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, சில கம்பெனி பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்தாலே நீலத் திரை வந்து சிஸ்டம் விழுந்தது. அதே வருடம் ஜூலையில், பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற ஓட்டையை அடைக்க அவசரமாக விட்ட பேட்ச், பில்லும் லேபிளும் அடிக்கும் சில பிரிண்டர்களைப் படுக்க வைத்தது. கடைக்காரருக்கு எது கண்ணில் படும்? அடைபட்ட ஓட்டையா, அடிக்காத பில்லா? 2024 ஜூலை 19-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2017 ஜூனில் உக்ரைனின் ஒரு வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே திருடர்கள் நாட்பெட்யா என்ற அழிவு நிரலை வைத்து அனுப்பினார்கள். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் முடங்கியது, மும்பைக்கு அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் நின்றது. அப்டேட் எப்போதும் நல்லதே செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் கணக்கு ஒரு பக்கமாகத்தான் சாய்கிறது. மோசமான அப்டேட் வந்தால் அரை நாள், ஒரு நாள் போகும். அதை நீக்கவும் முடியும். ரேன்சம்வேர் வந்தால் அத்தனை வருடக் கணக்கும் போய்விடலாம். அதனால் நான் சொல்வது: சில நாள் தள்ளிப்போடலாம், நிறுத்தி வைக்கக் கூடாது.

தள்ளிப்போட வேண்டுமென்றால் எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மாதாமாதம் வருவதில் ‘கியூமுலேட்டிவ் அப்டேட்’ என்று எழுதியிருக்கும், பக்கத்தில் கேபி என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். இதுதான் முக்கியம். கியூமுலேட்டிவ் என்றால் முந்தைய மாதங்களின் பேட்ச்களும் இதற்குள் அடக்கம். ஒரு வருடமாகப் போடாமல் இருந்தாலும் பழையதையெல்லாம் வரிசையாகப் போட வேண்டாம், கடைசியாக வந்தது போதும். ‘பிரிவியூ’ என்று போட்டு மாதக் கடைசியில் வருவது அடுத்த மாதத்துக்கான வெள்ளோட்டம். கடைக் கம்ப்யூட்டரில் அதைத் தொடவே வேண்டாம். ஃபீச்சர் அப்டேட் என்பது புது வசதிகளோடு வரும் பெரிய மாற்றம். இடமும் நேரமும் நிறையப் பிடிக்கும், அவசரமில்லாத நாளில் போட்டுக்கொள்ளலாம். டிரைவர் என்பது பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவியோடு விண்டோஸ் பேசுவதற்கான நிரல். நன்றாக ஓடுகிற பிரிண்டருக்கு விருப்பத் தேர்வாக வரும் டிரைவர் அப்டேட்டை நான் போடுவதில்லை. ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள்ளேயே, மதர்போர்டிலோ ரவுட்டரிலோ, பதிந்திருக்கும் நிரல். அதை அப்டேட் செய்யும்போது கரண்ட் போனால் கருவியே கெடலாம். யூபிஎஸ் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

கடைக்குத் தோதான நேரமும் இருக்கிறது. இரண்டாவது செவ்வாய் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். அதற்கடுத்த ஞாயிறு 13-இலிருந்து 19-க்குள் வரும். அந்த நான்கைந்து நாளில் பேட்ச்சில் பெரிய கோளாறு இருந்தால் உலகமே கத்திவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும். கத்தல் இல்லையென்றால் ஞாயிறு கடை மூடியதும் போடுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர் என்றால் 20-ஆம் தேதி நெருக்கடி இருக்கும். ஞாயிறு 19-ஆக அமைந்துவிட்டால் தாக்கலை முடித்துவிட்டு 20 ராத்திரி போடலாம். அதுவரை தானாக ரீஸ்டார்ட் ஆகாமலிருக்க செட்டிங்ஸில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ இருக்கிறது, அதிகபட்சம் 35 நாள். கடை நேரத்தை ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்ற இடத்தில் கொடுத்துவிட்டால் வியாபார நேரத்தில் அது தொந்தரவு செய்யாது. விண்டோஸ் அப்டேட் முழுவதையும் முடக்குவதற்குப் பதில் சர்வீஸ்காரர் இதைச் செய்திருக்கலாம். (ஒரிஜினல் அல்லாத விண்டோஸ் போட்ட இடங்களில் அப்டேட்டை அணைத்து வைப்பதும் உண்டு. உங்களுடையது எப்படி என்று அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.)

ரீஸ்டார்ட் பற்றிக் கொஞ்சம். டவுன்லோட் ஆனாலே அப்டேட் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை மாற்ற முடியாது. ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் புதியது போய் உட்காரும். பவர் பட்டனுக்குப் பக்கத்தில் சின்ன ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால், பேட்ச் வாசலில் காத்திருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் அந்தப் புள்ளி வாரக்கணக்கில் இருக்கும். குரோமும் அப்படியே: மூடித் திறந்தால்தான் புதுப் பதிப்பு ஓடும். பேங்க் வேலை செய்வது குரோமில்தான் என்றால், விண்டோஸுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை அதற்கும் கொடுங்கள்.

போலி அப்டேட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஏதோ ஒரு வலைப்பக்கத்துக்குள் ‘உங்கள் குரோம் பழையது, இங்கே அழுத்தி அப்டேட் செய்க’ என்று வந்தால் அது ஏமாற்று. உண்மையான அப்டேட் எந்த வலைப்பக்கத்திலும் வந்து நிற்காது. விண்டோஸுக்கு செட்டிங்ஸ், குரோமுக்கு அதன் மெனு, போனுக்கு அதன் செட்டிங்ஸும் பிளே ஸ்டோரும், அவ்வளவுதான் வழி. வாட்ஸ்அப்பில் டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சி என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல்களும் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்கள்) இதே ரகம். நிறுவிவிட்டால் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு குறையும். யூபிஐ இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ‘அபவுட் போன்’ போய் ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதியைப் பாருங்கள். அது இரண்டு மூன்று வருடம் பழையதாக இருந்தால், உங்கள் கடைக் கம்ப்யூட்டரைப் போலவே அந்தப் போனுக்கும் சப்போர்ட் முடிந்துவிட்டது, சொல்லத்தான் ஆள் இல்லை.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்ச் வராத சிஸ்டத்தில் தெரிந்த ஓட்டைகள் மாதாமாதம் சேரும் என்பது உறுதி. உங்கள் சிஸ்டம் தாக்கப்படுமா, எப்போது என்பதை யாராலும் சொல்ல முடியாது. சதவீதக் கணக்கு சொல்லிப் பயமுறுத்தி எதையாவது விற்க வருபவரை அனுப்பிவிடுங்கள். உங்கள் பில் பிரிண்டர் அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் ஓடுமா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. அதன் டிரைவர் ஃபைலை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே பாதிப் பாதுகாப்பு. மீதிப் பாதி பேக்கப். பில்லிங் டேட்டாவை வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாட்டியபடியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

உங்கள் சிஸ்டத்தில் இன்றைக்கே செய்யக்கூடியது இது. விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் வின்வர் (winver) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். பதிப்பு 22எச்2 என்றும், பில்ட் 19045 என்றும், புள்ளிக்குப் பிறகு இன்னோர் எண்ணும் வரும். அந்த எண் 6456-க்குக் கீழே இருந்தால், எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்த கடைசி பேட்ச்கூட உங்களிடம் இல்லை. முதலில் அதைப் போடுங்கள். அடுத்து, வீட்டு உபயோகிப்பாளர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த இஎஸ்யூ திட்டம், அதாவது நீட்டிக்கப்பட்ட செக்யூரிட்டி அப்டேட், 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் தருகிறது. 22எச்2-ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். செட்டிங்ஸை அந்த அக்கவுண்டோடு சிங்க் செய்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். தகுதி உள்ள சிஸ்டத்தில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே ‘என்ரோல்’ என்று இணைப்பு தெரியும். நிறுவன டொமைனில், அதாவது அலுவலகமே மொத்தமாக நிர்வகிக்கும் நெட்வொர்க்கில், சேர்த்த கம்ப்யூட்டர்களுக்கு இந்த வழி கிடையாது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுப்பதைவிட, இஎஸ்யூ தரும் அவகாசத்தில் பணம் சேர்த்து வேறு சிஸ்டம் வாங்குவதே மேல். பழையதை நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பில் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.